ருசிக் கமிட்டி

"ஒரு கிண்ணம் கஞ்சிய ருசி பாக்க ஒரு கமிட்டியா? வெளியில சொன்னா சிரிப்பாங்க டீச்சர்" என்றான் விக்டர்.

வெளியில் எதற்கு, ஹாலிலேயே சிரித்தார்கள். லூயிசா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

சாந்தோமில், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்த கையோடு சகாய சங்கம் கூடியிருந்தது. விக்டர் புதுச் செயலாளர். வக்கீல் குமாஸ்தா வேறு. எதையாவது கத்தரித்துச் சீர் செய்யாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. சங்கத்திலோ ஆளைவிடக் கமிட்டி அதிகம். வரவேற்புக் கமிட்டி, தோரணக் கமிட்டி, நாற்காலிக் கமிட்டி என்று வரிசையாகக் கலைத்துக்கொண்டே வந்தவன், இப்போது ருசிக் கமிட்டியில் வந்து நின்றான்.

அந்தக் கமிட்டிக்கு ஒரே ஓர் ஆள், பவுல்சாமி வாத்தியார். கடைசி பெஞ்சில், கழுத்துவரை பொத்தான் போட்ட பழைய கோட்டோடு, தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கமிட்டி முளைத்த கதை எல்லோருக்கும் தெரியும். ஜப்பான் சண்டை வந்து அரிசி ரேஷனுக்குப் போன பிறகு, நொச்சிக்குப்பத்துக்குச் சங்கம் நொய்க்கஞ்சி ஊற்றி வந்தது. ஒருநாள் மீன்காரக் கோவிந்தம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை டக்கென்று மேசைமேல் வைத்தாள். "இன்னாம்மா இது, மக்கின நாத்தம் அடிக்குது! உங்க ஊட்ல இத்த துன்னுவீங்களா?"

நியாயமான கேள்வி.

இனிமேல் சங்கத்து ஆள் ஒருவர் குப்பத்தார் கண்முன்னே முதல் கிண்ணத்தைக் குடித்துக் காட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவது என்று, கஞ்சிக்குப் பொறுப்பான லூயிசா அன்றே தீர்மானம் கொண்டுவந்தாள். அதற்கு வாத்தியார்தான் பொருத்தம் என்றும் அவளே சொன்னாள்.

ஏன் அவர் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அதற்கு முந்தின வாரம்தான் அவள் வாத்தியார் வீட்டுக்கு ஒரு பை அரிசி கொடுத்தனுப்பியிருந்தாள். வீடு மாறி வந்துவிட்டது என்று சொல்லி அவர் அப்படியே திருப்பிவிட்டார். மகன் ரங்கூனில். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்ததிலிருந்து பணமும் வரவில்லை, ஒரு வரிக் கடுதாசியும் வரவில்லை. பென்ஷன் கிடையாது. வாத்தியாரிடம் போய், வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்கிற தைரியம் யாருக்கு வரும்? அவர் கையால் பிரம்படி வாங்காதவர்கள் அந்தத் தெருவில் குறைவு.

தானம் என்றால் தொட மாட்டார். பொறுப்பு என்றால் தட்ட மாட்டார். அப்படித்தான் அவருக்கு ஒரு கமிட்டி கிடைத்தது. தினமும் காலையில் தவறாமல் வந்து குடித்தார்.

குடித்தார் என்றுதான் பேர். பாதிக் கிண்ணத்தோடு கீழே வைத்துவிடுவார். "ருசி பாக்க இவ்வளவு போதும்மா" என்பார். வயிறு காயும்போதும் இந்த மனுஷருக்கு வீம்பைப் பார் என்று லூயிசா மனதுக்குள் திட்டாத நாளில்லை.

பாதியானாலும் வயிற்றுக்குப் போனதே. இன்றைக்கு அதிலும் மண் விழப்போகிறது.

"கலைக்கக் கூடாது" என்று எழுந்தாள். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. குப்பத்தாரின் நம்பிக்கை, சங்கத்தின் பேர் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். சொல்ல வேண்டிய ஒன்றைத்தான் சொல்ல முடியவில்லை.

"ஊத்துறவங்களே ஒரு வாய் குடிச்சுக் காட்டிட்டாப் போச்சு. அதுக்கு எதுக்கு டீச்சர் கமிட்டி?" என்றான் விக்டர்.

சரியான பேச்சு. லூயிசா உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

விக்டரும் கெட்டவன் அல்ல. அவனும் அந்தப் பிரம்புக்குக் கை நீட்டியவன்தான். "சார் என்ன சொல்றீங்க?" என்று கடைசி பெஞ்சைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான்.

பவுல்சாமி வாத்தியார் தடியை ஊன்றி எழுந்தார். ஹால் வகுப்பறையாக அடங்கியது. லூயிசா தலையைக் குனிந்துகொண்டாள். கலைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வார். அவருக்கு வேறென்ன சொல்ல வரும்?

"அந்தக் கமிட்டியில ஒரு குறை இருக்குது" என்றார். "நான் பாக்கிறது சூட்டுல. குப்பத்துல பாதிப் பேர் எடுத்து வச்சு ராத்திரிக்குக் குடிக்கிறாங்க. ஆறினப்புறம் அது எப்படி இருக்குதுன்னு இதுவரைக்கும் யாரும் பாக்கல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் சம்சாரம் ஆனிக்கு அதுல நல்ல நாக்கு. அவளையும் சேத்துப் போடுங்க."

சிரிப்பு வெடித்தது. கலைக்கப் போன கமிட்டிக்கு இன்னோர் ஆள் கூடினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? விக்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

லூயிசா நிமிர்ந்தாள்.

வாத்தியார் விக்டரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரிந்திருக்கிறது.

அந்தப் பாதிக் கிண்ணம் வீம்பு அல்ல. வீட்டில் ஒருத்தி காத்திருக்கும்போது அதற்குமேல் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இத்தனை நாளில் ஆனியை ஒருதரம்கூட நினைக்கவில்லையே என்று லூயிசா தன்னையே நொந்துகொண்டாள்.

"நான் ஆமோதிக்கிறேன்" என்றாள், சட்டென்று. "கஞ்சி இங்கயே கிடந்து ஆறினா ஈ மொய்க்கும். மூடி போட்ட தூக்குல வீட்டுக்கே அனுப்பிடலாம்."

"சரி, டீச்சர் இஷ்டம்" என்று விக்டர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தான். "ருசி பாக்கத்தானே, சின்னத் தூக்கு போதும் இல்லையா?"

"போதாது" என்றார் பவுல்சாமி வாத்தியார்.