ஓசி புல்லர்

“வாங்கி ஒரு மாசம்கூட ஆவல. அதுக்குள்ள ஓசியில தூக்கிக் குடுத்துட்டீங்களா?” என்று கத்தினாள் சூர்யகலா.

விழுப்புரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் அவள் கணவன் மணிமாறன், பம்புசெட் இன்ஜின்களைப் பிரிப்பதற்கென்றே சென்னையில் வாங்கிவந்த புல்லர் என்ற டூலை, கோலியனூர் விவசாயி அரிபிரசாத்துக்குக் கொடுத்திருந்தான்.

“பாவம், இன்ஜினைத் தானே பார்த்துக்கிறேன்னு ஆசைப்பட்டான்.”

“எல்லாரும் தானே பார்த்துக்கினா, நீங்க ஷெட்ல ஈ ஓட்டிக்கினு இருக்க வேண்டியதுதான்!”

மறுநாள் அரிபிரசாத் புல்லரோடு வந்து நின்றான். பின்னால் மாட்டுவண்டியில் பாதி இன்ஜின், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் சாக்கில் மீதி இன்ஜின்.

“பிரிச்சிட்டேண்ணா. பிஸ்டன்தான் திரும்ப உள்ள எறங்கவே மாட்டேங்குது, ஒரே பேஜாரு. நீங்களே ஜல்தியா முடிச்சிக் குடுங்க. மல்லாட்டைக்குத் தண்ணி பாயணும்.”

அவன் போனதும் சூர்யகலா கேட்டாள்: “பிஸ்டனை எறக்கவும் ஒரு டூலு வாங்கினீங்களே, அதையும் குடுத்திருக்கலாமில்ல?”

மணிமாறன் சிரித்தான். “கழட்டுற டூலுதான் ஓசி. பூட்டுற டூலை நான் யாருக்கும் குடுக்கிறதில்ல.”

சூர்யகலா பூட்டுகிற டூலை எடுத்துப்போய்க் கேப்பை டின்னுக்குள் ஒளித்தாள். புல்லரைத் துடைத்து, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி ஷெட் வாசலில் மாட்டிவைத்தாள்.