எருமை குளிக்கும் நேரம்

என் வளையை மிதித்து மூடியது அந்தக் கட்டைவால் எருமைதான். நண்டுக்கு வளை போனால் எல்லாம் போச்சு. என் பெண்டாட்டி வயிற்றடியில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு வெயிலில் கிடந்தாள். மழை வெள்ளம் வந்தால் குஞ்சுகளை அடித்துக்கொண்டு போய்விடும்.

எருமையை அங்கேயேதான் கட்டியிருந்தார்கள். அது குளத்துக்குக் குளிக்கப் போகும் கொஞ்ச நேரம் மட்டும் இடம் எனக்கு. ஓடிப்போய், உள்ளே புதைந்த பழைய அறையை எட்ட, குளம்பு படாத கல்லடியில் மண்ணை உருட்டி வெளியே தள்ளுவேன். அது கரையேறியதும் ஓடிவிடுவேன். தினமும் இதே வேலை.

"இந்த வேகத்துல உம்ம பேரன்தான் குடிபோவான், அண்ணே!" என்று எருமை சிரித்தது.

"நீ குளிக்கப் போ தாயி, என் நேரம் போகுது!"

ஒருநாள் என் கொடுக்கு பொத்தென்று உள்ளே போனது. குளுகுளுவென்று காற்று!

"அடியே, பழைய அறை திறந்துடுச்சு! ஓடி வா, ஓடி வா!"

அவள் நுழையவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது. குஞ்சுகள் உள்ளே ஒரே கும்மாளம்.

நான் வாசலுக்கு வந்தேன். "தாயி, மிதிச்சதுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?"

"மழை நல்லாப் பெய்யுதுல்ல, அண்ணே?" என்று எருமை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் வாசலில் கண்ணை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.