படகின் மேல் ஒரு புகார்

"இந்தப் படகு உங்களுடையதா?"

கேட்டுக்கு வெளியே நகராட்சி அதிகாரி நின்றிருந்தார். தையல்காரர் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்போடு வெளியே வந்தார்.

"ஆமா சார். அண்ணன் விட்டுட்டுப் போனது. என்ன விஷயம்?"

"புகார் வந்திருக்கு. மழைத் தண்ணி தேங்கிக் கொசு அடையுதாம். நாத்தம் தாங்கலையாம்."

"யார் சார் கொடுத்தது?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க."

"நான்தான் கொடுத்தேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம், கையெல்லாம் மாவோடு பேக்கரிக்காரர் நின்றிருந்தார்.

தையல்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முந்தின நாள் மாலை இதே ஆள்தான் மதில் ஏறிக் குதித்து, படகில் தேங்கிய தண்ணீரை வாளி வாளியாக இறைத்துக் கொட்ட உதவினார். அப்புறம் இரண்டு பேரும் படகின் விளிம்பில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"தம்பி... நீயா?"

"நானேதான். எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துக்கிறது?"

அதிகாரி தையல்காரர் பக்கம் திரும்பினார். "ஏன் சார், இதை அப்புறப்படுத்த நீங்க ஒண்ணுமே செய்யலையா?"

"செய்யலையாவா! பழைய இரும்புக்காரர் வந்தார். என்ஜினைக் கழட்டிக்கிட்டு, ஃபைபர் படகை எவன் வாங்குவான்னு போயிட்டார். நானே ரம்பத்தால அறுத்துப் பார்த்தேன். தூள் பறந்து ராத்திரியெல்லாம் உடம்பு பூரா அரிப்பு. எரிச்சா புகை விஷம்னாங்க. முறைப்படி உடைக்கிற இடத்துக்கு லாரி வெச்சு அனுப்பணும்னா, என் தையல் மிஷினையே வித்தாலும் காணாது. இருட்டினதும் ஆத்துல தள்ளிடலாம் மாமான்னு மச்சான் சொன்னான். பிள்ளைங்க குளிக்கிற ஆறு சார் அது! மாட்டேன்னுட்டேன்."

"ஆக, உங்களால முடியாது?"

"முடியவே முடியாது சார். நல்லா எழுதிக்குங்க," என்று மதில் மேல் எக்கினார் பேக்கரிக்காரர்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பழக்கம் எப்படி?"

"கூடப் பிறந்தவங்க மாதிரித்தான் சார் இவ்வளவு நாளும்..." என்று தொடங்கினார் தையல்காரர்.

"யாரு கூடப் பிறந்தவங்க? இவர் தைச்ச சட்டையைப் போட்டா ஒரு கை முழங்கைக்கு மேல நிக்குது, ஒரு கை விரலை மூடுது. தெருவே சிரிக்குது சார்!"

தையல்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாயை மூடுடா! உன் பொண்டாட்டி ஏன் உன்னை விட்டுட்டுப் போனான்னு இப்பத்தான் தெரியுது. அவ இத்தனை வருஷம் இருந்ததே அதிகம்!"

பேக்கரிக்காரர் கையிலிருந்த மாவைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அதிகாரி ஏனோ திருப்தியாகத் தலையாட்டினார். "சரி சார், எங்களுக்கு இது போதும்."

எது போதும் என்று தையல்காரருக்குப் புரியவில்லை.

"அப்படிச் சொல்லியிருக்க வேண்டாங்க," என்றாள் தையல்காரரின் மனைவி, அதிகாரி போனதும்.

"அவன் செஞ்சது மட்டும் சரியா?"

"அதுதான் எனக்கும் புரியல. நேத்து எனக்குத் தலைவலின்னதும் ஓடிப்போய் மாத்திரை வாங்கிட்டு வந்தது அவர்தான்."

அந்த வாரம் முழுக்க, காஜா எடுக்கும்போதும் பட்டன் தைக்கும்போதும் அவருக்கு அதே குழப்பம். பேக்கரிக்காரரின் மனைவி போன அன்று, அழுதவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, 'உன் மேல ஒரு தப்பும் இல்ல தம்பி' என்று சொன்னதும் இதே வாய்தான். அப்படியிருக்க, குத்திக்காட்டிய அந்த வார்த்தை எங்கே இருந்தது? கூப்பிட்டதும் வந்து நிற்கும்படி, அவ்வளவு கிட்டத்திலா?

தினமும் காலையில் பேக்கரிக்காரர் கேட்டில் மாட்டிவிட்டுப் போகும் ரொட்டிப் பை மட்டும் நிற்கவில்லை. தின்னவும் மனசில்லை, திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை.

ஒரு நாள் கிரேனோடு நகராட்சி லாரி வந்தது. முகக்கவசம் போட்டவர்கள் இறங்கிப் படகுக்குப் பட்டை கட்டினார்கள்.

"எங்கேப்பா கொண்டு போறீங்க?"

"இதுக்குன்னே மூடின ஷெட் இருக்கு சார்," என்றார் டிரைவர். "தூள் பறக்காம தண்ணி தெளிச்சு அறுத்து, பொடியாக்கி, சிமென்ட் சூளைக்கு அனுப்பிடுவாங்க. ஆத்துக்கும் போகாது, குப்பை மேட்டுக்கும் போகாது."

தையல்காரர் தயங்கினார். "நான் எவ்வளவு கட்டணும்?"

"ஒண்ணும் வேண்டாம். நீங்களா கூப்பிட்டிருந்தா செலவு உங்களுது. பக்கத்து வீட்டுப் புகார், உங்களாலயும் முடியலைன்னா நகராட்சி செலவு." டிரைவர் சிரித்தார். "அதுக்காகவே சில பேர் பேசி வெச்சுக்கிட்டுப் புகார் கொடுத்தாங்க. அதனால இப்பல்லாம் நிஜமாவே சண்டைதானான்னு நேர்ல பார்த்துட்டுத்தான் எழுதுறாங்க. உங்க கேஸ்ல சந்தேகத்துக்கே இடமில்லையாமே!"

படகு அந்தரத்தில் ஆடியது. அது கிடந்த இடத்தில் புல் வெளுத்துப் படகு வடிவிலேயே இருந்தது. தையல்காரர் அங்கே நிற்கவில்லை.

பேக்கரிக்காரர் அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

"படகு போயிடுச்சா அண்ணே?"

"போயிடுச்சு. இந்த விதியெல்லாம் உனக்கு எப்படிடா தெரியும்?"

"அந்த ஆபீசுக்கு ரொட்டி போடுறவன் நான். அவங்க பேசிக்கிறது காதுல விழும்."

"என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"உங்களுக்கு நடிக்க வராது அண்ணே. நிஜமா கோபம் வந்தாத்தான் அவங்க நம்புவாங்க."

சூடான ரொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். தலை நிமிரவில்லை.

"ஆனா, அவ்வளவு நிஜமா இருக்கும்னு நான் நினைக்கல."