இருபத்திரண்டு சதவீதம்

திறந்த பானட்டுக்குள் தலையை விட்டு நிற்கிறான் மெக்கானிக். ஓட்டுநர் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி, காரின் கம்ப்யூட்டர் அனுப்பும் எண்களைச் செல்போனில் பார்த்து வாசிக்கிறாள். இன்றோ நாளையோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கார், சிக்னலுக்குச் சிக்னல் அணைந்துவிடுகிறது. எஞ்சினில் காற்று மிகுதி என்கிறது ஆக்சிஜன் சென்சார். அதை ஈடுகட்டக் கம்ப்யூட்டர் இருபத்திரண்டு சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விடுகிறது. சென்சார்தான் பொய் சொல்கிறதென்று போன வாரம் புதிது மாட்டினான். புதியதும் அதையேதான் சொல்கிறது.

"ஆக்சிலரேட்டர லேசா மிதி." அவள் கால் நுனியால் எட்டி மிதிக்கிறாள். "மிதிச்சா ஏழுக்கு இறங்குதுங்க. விட்டா மறுபடியும் இருபத்திரண்டு." மிதிக்காதபோதுதான் எஞ்சின் பலமாக உறிஞ்சும்; அப்படியானால் எங்கோ ஒரு சின்ன ஓட்டை வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. காலை வெயிலில் மின்னும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் போகும் அவன் விரல், ஒன்றின் அடிப்பக்கத்து மயிரிழை வெடிப்பில் நிற்கிறது. அழுத்துகிறான். எஞ்சினின் நடுக்கம் அடங்குகிறது.

"பதினஞ்சு... எட்டு... மூணு! பாவங்க அந்தப் பழைய சென்சார், உண்மையச் சொன்னதுக்குக் குப்பைக்குப் போயிருச்சு." அவன் சிரிக்கிறான், விரலை மட்டும் எடுக்கவில்லை. "ஆஸ்பத்திரி வரைக்கும் இப்படியே பிடிச்சுக்கிட்டு கூடவே ஓடி வரப்போறீங்களா?"

எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டுப் புதுக் குழாய் வெட்டுகிறான். முனைக்கு ஒரு கிளிப் போதும். இரண்டிரண்டாக மாட்டுகிறான்.