பதின்மூன்று விடுப்புக் கடிதங்கள்

வகுப்பு மொத்தத்தின் வீட்டுப்பாடத்தையும் பம்ப்காரர் ஒரே விரலால் காலி செய்தார்.

அது லேசுப்பட்ட விரல் இல்லை. இருபத்தாறு வருடமாக நகரத்துக் குடிதண்ணீர் வால்வுகளைத் திருப்பிக் காய்த்துப்போன விரல். ஒரு பொத்தானைத் தொடப் போனால், பக்கத்துப் பொத்தானையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் திரும்பும்.

கணினியில் கடிதம், அறிக்கை தயாரிக்கக் கற்றுத்தரும் ஆன்லைன் கல்லூரி வகுப்பு அது. இந்த வாரம் விடுப்பு விண்ணப்பம். பொதுவான ஒரே கோப்பில் ஆளுக்கொரு பக்கம். உண்மையான காரணத்தையே எழுதுங்கள், அப்போதுதான் கை தானாக ஓடும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

பம்ப்காரரும் தன் பக்கத்துக்கு வந்து விரலை வைத்தார். எல்லாப் பக்கமும் ஒரேயடியாக நீலமானது. இன்னொரு தட்டு. அவ்வளவு பெரிய வெள்ளையில் ஒரு 'க' மட்டும் தனியாக நின்றது.

பம்ப் அறையில் எது கோளாறானாலும் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் லேப்டாப்பை அணைத்தார். மறுபடி போட்டபோது, செய்ததைத் திரும்பப் பெறும் பொத்தான் கையை விரித்துவிட்டது. 'க' மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

அதற்குள் போன் துடிக்க ஆரம்பித்தது. வகுப்புக் குழு. எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். மறுபடி துடித்தது. தலையணை மேல் இன்னொரு தலையணை வைத்தார்.

வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து பம்புகள் தாமாகவே ஓடப்போகின்றன. இந்த வகுப்பின் சான்றிதழ் இருப்பவருக்கு அலுவலகத்தில் மேசை, இல்லாதவருக்கு வீட்டில் சோபா. "வேற வழி இருக்கா சார்?" என்று பொறியாளரிடம் நான்கு தடவை கேட்டுவிட்டார். நான்கு தடவையும் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வந்தது.

இப்போது பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. பதின்மூன்று பேரின் உழைப்பை அழித்தவனுக்கு யார் சான்றிதழ் தருவார்கள்?

வேறு வழி தெரியாமல் அந்தப் பதின்மூன்று கடிதங்களையும் ஞாபகத்திலிருந்து அடிக்க உட்கார்ந்தார்.

நர்ஸ், மாமியாரின் கண் அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் கேட்டிருந்தாள். டிரைவிங் பள்ளிக்காரர், கடைவாய்ப் பல்லுக்கு அரை நாள். தையல்காரி, வீடு மாற்ற இரண்டு நாள். டிக்கெட் கவுண்டர் பெண், தொலைந்துபோன நாயைத் தேட ஒரு நாள். நாயின் பெயர் மணி, இடது காது மடங்கியிருக்கும்.

இரண்டு விரல்களால், வரி வரியாக. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தலையணைகள் அவ்வப்போது உறுமின. ஒவ்வொரு உறுமலுக்கும் ஒரு எழுத்து தப்பாக விழுந்தது.

தண்ணீர் கொண்டுவந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். "யாருக்கு இத்தனை லீவு?"

"மத்தவங்களுக்கு."

"என் பிரசவத்துக்கே லீவு போடாத மனுஷன், ஊருக்கெல்லாம் லீவு எழுதறீங்களாக்கும்."

அன்றைக்கு மெயின் குழாய் வெடித்திருந்தது. குழாயை மறுநாளே அடைத்துவிட்டார்கள். இது இருபத்திரண்டு வருடமாகக் கசிகிறது. அன்று பிறந்த மகள் வேலைக்கே போய்விட்டாள். இன்னும் கோபமா என்று மனைவியிடம் எப்போது கேட்டாலும், "எனக்கென்ன கோபம்" என்பாள். அதை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும், எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பதின்மூன்றாவது கடிதத்துக்குக் கடைசிப் புள்ளி வைத்தபோது மாலை நான்கு மணி.

அந்தப் புள்ளிக்குக் கீழே, சிவப்பு நிறத்தில் இன்னொரு கோடு வந்து நின்று கண் சிமிட்டியது. அதன் தலையில் 'ஆசிரியை' என்று எழுதியிருந்தது.

பம்ப்காரர் முந்திக்கொண்டார்.

'அழிச்சது நான்தான் மேடம். என்னை நீக்கிடுவீங்களா?' என்று அடித்தார்.

சிவப்புக் கோடு எழுத்தெழுத்தாக நகர்ந்தது. 'அழிஞ்ச பத்தாவது நிமிஷமே பழைய பிரதியை எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டேன். அதைச் சொல்லத்தான் காலையிலேர்ந்து அத்தனை பேரும் உங்களைக் கூப்பிடறோம். போனை எங்க வெச்சீங்க?'

அவர் தலையணைகளைப் பார்த்தார்.

'நீங்க அடிச்சதை ஒப்பிட்டுப் பார்த்தேன். நாயோட காதுகூட சரியா இருக்கு. எப்படிங்க இவ்வளவு ஞாபகம்?'

பொய் அடிக்கவும் நேரம் ஆகும் என்பதால் உண்மையையே அடித்தார்.

'நாலு நாளா இதையேதான் படிச்சிட்டிருக்கேன் மேடம். காப்பியடிக்கத்தான். ஒண்ணும் எனக்குப் பொருந்தல.'

அவர் அழித்ததில் அவருடையது ஒரு வரிகூட இல்லை. பதினான்காம் பக்கம் நான்கு நாளாக வெறுமையாகத்தான் கிடந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் விடுப்புக் கேட்டதில்லை. எதற்கெல்லாம் கேட்பார்கள் என்றே அவருக்குத் தெரியாது.

'உங்க ஒரு பக்கம்தான் பாக்கி. அதை எழுதினா நீங்க பாஸ்' என்றது சிவப்புக் கோடு.

அவர் தன் பக்கத்துக்கு வந்தார். 'மதிப்பிற்குரிய ஐயா' வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"என்னத்தைக் காரணம்னு எழுதறது?" என்று சுவரிடம் கேட்டார்.

நாற்காலிக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மனைவி போகவே இல்லை. எவ்வளவு நேரமாக நின்று படித்துக்கொண்டிருந்தாளோ.

"மனைவிக்குப் பிரசவம்னு எழுதுங்க," என்றாள். "தேதி நான் சொல்றேன்."