குயிலின் குரல்

பஸ் நேரம் சொல்லும் செயலியை ஸ்டெனி தனியாகத்தான் தொடங்கினான். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று அதன் கோடிங்கை ஃபேஸ்புக் குழுவில் திறந்துவிட்ட பிறகு, 'குயில்' என்ற பெயரில் ஒருவர் பிழைகளைத் திருத்தித் தந்துகொண்டே இருந்தார்.

"யாரு அத்தான் அது?" என்று மனைவி ஜெப்சி கேட்டாள்.

"கேட்டா சொல்ல மாட்டேங்குது. பெங்களூர்ல பெரிய கம்பெனி ஆளா இருக்கும்."

அன்று மார்த்தாண்டம் பஸ்கள் மொத்தமும் செயலியில் காணாமல் போயின. ஸ்டெனி பதறிப்போய் உதவி கேட்டான். எப்போதும் எழுத்தில் பதில் தரும் குயில், அவசரத்தில் முதன்முறையாகக் குரலில் அனுப்பியது. ஒரு பெண் திருத்தத்தை விளக்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு குரலும் கேட்டது.

"ஏலே ஸ்டெனி, மோட்டார நிறுத்துலே, தண்ணி வழியுது!"

சற்றுமுன் அவனுடைய அம்மா கிணற்றடியில் நின்று கத்தியது அது.

ஸ்டெனி மதிலருகே ஓடி எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் சித்தப்பா வீடு. எல்லைத் தகராறில் பேச்சு நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. ஜன்னலோரம் சித்தப்பா மகள் ராகேல் லேப்டாப்புடன் திகைத்து நின்றாள்.

"நீயாட்டி குயிலு?"

"பேரச் சொன்னா என் கோடிங்க எடுக்க மாட்டியன்னு பயந்தேன், அண்ணா."

பின்னால் அம்மா வந்து நின்றதை அவன் அப்போதுதான் கண்டான். அவள் ராகேலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, மதிலுக்கு மேல எட்டி நின்னு பேசாத. வாசல் வழியா போய்க் கூட்டிட்டு வா."