நாலு நல்ல வார்த்தை

“என்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்றதுக்கு யார் பேரைப் போடலாம்?” என்று பூங்குழலி அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டார். எங்கள் பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அவர். எம்.பி.ஏ. விண்ணப்பத்தில் சிபாரிசுக்கு ஒருவர் வேண்டுமாம்.

பிசிர் வெட்டிக்கொண்டிருந்த நான், “நம்ம முதலாளியையே போடுங்கக்கா” என்றேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடமே முடியாது என்று சொன்னவர் அக்கா. நிறம் மாறிய துணியைச் சாயப்பட்டறைக்கே திருப்பி அனுப்பியவர். அதெல்லாம் முதலாளி நேரில் பார்த்தது.

அக்கா போய்க் கேட்டதும், “அதுக்கென்ன கண்ணு, போட்டுக்க” என்றார் முதலாளி, எதற்கென்றுகூடக் கேட்காமல்.

பத்து நாள் கழித்து, சிரித்த முகத்தோடு எங்கள் மேசைக்கு வந்தார்.

“கண்ணு, எப்ப கல்யாண விருந்து? ஒரு அம்மா போன் பண்ணி உன்னைப் பத்தி விசாரிச்சாங்க. மாப்பிள்ளையோட அம்மாவாத்தான் இருக்கும்.”

“என்னங்க கேட்டாங்க?” என்றார் அக்கா.

“நாலு பேரை வெச்சு வேலை வாங்குமான்னாங்க. அய்யோ, தலையே நிமிராத புள்ளைங்கன்னேன். பிரச்னைன்னா துணிஞ்சு பேசுமான்னாங்க. நீ பையர்கூட மல்லுக்கட்டுனதை மூச்சு உடலையே! மேல படிக்கறதுல உறுதியா இருக்குமான்னு வேற கேட்டாங்க. அப்படியொரு நெனப்பே இல்லீங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்.”

அக்கா மெதுவாகக் கேட்டார். “அவங்க எந்த ஊருங்க?”

“பெங்களூராமா. படிச்ச குடும்பமாட்ட இருக்குது, பாதிப் பேச்சு இங்கிலீசு.”

அக்கா விண்ணப்பித்திருந்த கல்லூரியும் பெங்களூரில்தான்.

“பாரு, புள்ளைக்கு வெக்கம்!” என்று முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்கா போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.